ஐந்தாம் ஆண்டு வகுப்பும் என் வலது கண்ணும்

ஜூலை 7, திங்கள்
மூடுபனி. ஊசிக் குளிர். வீட்டுக்காரர் ஐந்து மணிக்கே எழும்பி விறகு வைத்துச் சுடுதண்ணீர் போட்டுவிட்டார். டொக்டர் என் நோய்க்குப் பெயர் சொன்ன நாளிலிருந்து தினமும் இப்படித்தான். "பச்சத் தண்ணிய தொடாத சாந்தி. நரம்புக்கு சூடுதான் நல்லது."
குளித்துவிட்டு மேடேறிப் பள்ளிக்கூடம். முதல் பாடத்தில் வலது கண் மங்கல். இரண்டாம் பாடத்தில் தெளிவு. ஏன் காலையில் மட்டும்? எரிச்சல்.
வாங்க வேண்டியது: கரும்பலகைக்கு வெண்கட்டி, உப்பு, கருவாடு.

ஜூலை 8, செவ்வாய்
வெள்ளை அணுக்கள் உடம்பின் காவல்காரர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இப்போது என் காவல்காரர்கள் மூளைக்குள்ளேயே நுழைந்து, கண் நரம்பின் உறையை எதிரி என்று நினைத்து அரிக்கிறார்கள். கிருமி என்றாலாவது திட்டலாம். இதில் யாரைத் திட்டுவது?
கொஸ்லந்தயிலிருந்து நாத்தனார் போன். "எதிர்ப்பு சக்தி கொறஞ்சிருச்சி போல அண்ணி. சத்துமா அனுப்பவா?" குறையவில்லை, கூடிப்போய் வழிதவறிவிட்டது என்றேன். "அப்ப ரெண்டு டின்னா அனுப்புறேன்."

ஜூலை 9, புதன்
காலையில் கணக்குப் பாடம். 8ஐ 3 என்று வாசித்துவிட்டேன். முன் வரிசை வாங்கில் கிசுகிசு: "டீச்சருக்கு கண்ணு தெரியலடி." கேட்காத மாதிரி நின்றேன்.
புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிறது. எட்டு வருடமாக ஐந்தாம் ஆண்டு என் வகுப்பு. என் கண்ணால் ஒரு பிள்ளை தோற்கக் கூடாது. ஐந்தாம் ஆண்டை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று பள்ளிக்கூட அதிபரிடம் கடிதம் கொடுத்துவிட்டேன். "நல்ல முடிவு டீச்சர்" என்றார். ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்றிருக்கலாம்.

ஜூலை 10, வியாழன்
பதுளை கிளினிக். பஸ்ஸில் நின்றே பயணம். இடது கால் மரத்தது. டொக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். புதிய தாக்குதல் இல்லையாம்.
"காலையில எதுல குளிக்கிறீங்க?"
"நல்ல சுடுதண்ணியிலங்க. வீட்டுக்காரர் போட்டுத் தருவாரு."
"அதுதான். உறை போன நரம்பு சூட்டைத் தாங்காது. ஒடம்பு சூடானா மங்கும், ஆறினா தெளியும். பச்சத் தண்ணியில குளிங்க."
நேற்றுக் கொடுத்த கடிதம். ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா நான்? பஸ் ஸ்டாண்டிலிருந்தே அதிபருக்குப் போன். புது டீச்சருக்கு டைம் டேபிள் போட்டாச்சாம். எனக்கு இரண்டாம் ஆண்டாம்.
வீட்டில் அவரிடம் சுடுதண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். அடுக்கி வைத்த விறகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 11, வெள்ளி
பனி. அடுப்பு எரியவில்லை. வெளியே ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் சத்தம். போய்ப் பார்த்தால் அவர், தலையோடு நனைந்து, பல் கிட்டிக்கொண்டு. இந்த மாதத்தில் பச்சைத் தண்ணீர் பக்கமே போகாத மனுஷன்.
"அவ்வளவா குளுரல. வா."
பொய். தலையில் ஊற்றிக்கொண்டேன். உயிர் போய் வந்தது.
முதல் பாடம், இரண்டாம் ஆண்டு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் ஆண்டின் கரும்பலகை, புது டீச்சரின் கையெழுத்து. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வாசித்தேன். ஓர் எழுத்து விடாமல் தெரிந்தது. நாலாவது கணக்கில் விடை பிழை.