ரூத்துக்கு நான் சொல்லாத மறுப்பு

என் அருமை வாயாடி ரூத்,

உனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதுகிறேன். கோபிக்காதே. ஆங்கிலத்தில் நான் மரியாதை கூடிப்போய்க் கதைக்கிறேன் என்று நீதான் குறைப்பட்டாய். உன் பாஷையில் என்னைத் திட்டு, எனக்கு விளங்கும் என்றாய். அன்றைக்குச் சிரித்துச் சமாளித்துவிட்டேன். இப்போது ஆள் இல்லாத நேரத்தில் தமிழ் மளமளவென்று வருகிறது.

முதலில் கடைச் செய்தி. உன் இடத்துக்கு வந்திருக்கும் கண் டொக்டர் தங்கமான மனிதர், ஆனால் கதையே இல்லை. நீ ஒவ்வொரு வில்லையாக மாற்றி, "ஒன்றா, இரண்டா, எது தெளிவு?" என்று கேட்பாய். வந்தவர்கள் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது என்றால், அப்படி இருக்கவே முடியாது, திரும்பப் பார் என்று மல்லுக்கட்டுவாய். அந்தச் சத்தம் இல்லாமல் நான் கண்ணாடி பொருத்திக்கொண்டிருக்கிறேன். பின்னறையில் உன் கதிரைமேல் யாரோ பெட்டிகளை அடுக்குகிறார்கள். நான் இறக்கி வைக்கிறேன். மறுபடியும் அடுக்குகிறார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் கல்லறைக்குப் பெயர்க் கல் வைக்கிறார்கள். தாலியா வந்திருக்கிறாள். ஓம், உன் மகள் தாலியாதான், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து. அவளைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இதைத் தமிழ் தெரிந்த மற்றவர்களும் வாசிக்கக்கூடும். நம்முடைய புதன்கிழமைகளைச் சொல்லாவிட்டால் நான் செய்தது ஒரு பிழை என்றே அவர்களுக்கு விளங்காது.

மெல்பேர்னில், கோல்ஃபீல்டில், ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறை. ஒரு கேத்தில், இரண்டு கதிரை. மதியச் சாப்பாட்டு நேரம். என் சமையலை நீ சாப்பிட முடியாது, உங்கள் யூத உணவு விதி அப்படி. ஆகவே கையால் உரிக்கக்கூடிய பழமாகப் பார்த்துக் கொண்டுவருவேன். தோடம்பழம் உரித்துக்கொண்டே வேதம் படித்த ஆட்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

தொடங்கியது வேதத்தில் வரும் லோத்தின் மனைவியால். எதற்கோ நான் அவளைப் பற்றிச் சொன்னேன். ஊர் எரியும்போது திரும்பிப் பார்க்காதே என்று கடவுளின் தூதர்கள் சொல்லியும் கேட்காமல் திரும்பிப் பார்த்தாள், உப்புத் தூணானாள், கீழ்ப்படியாமைக்குக் கிடைத்த தண்டனை. மன்னாரில் ஞானப்பாட வகுப்பில் சிஸ்டர் சொல்லித் தந்ததை அப்படியே ஒப்பித்தேன். நீ தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாய். "கீழ்ப்படியாமை என்று எங்கே எழுதியிருக்கிறது? காட்டு."

எழுதியிருக்கவில்லை. ஒரே ஒரு வசனம். திரும்பிப் பார்த்தாள், உப்பானாள். ஏன் பார்த்தாள் என்று இல்லை. அந்தப் பாவிக்கு ஒரு பெயர்கூட இல்லை. வேதம் சொல்லாமல் விட்ட அந்த இடத்தில்தான் உங்கள் பெரியவர்கள் காலங்காலமாகக் குந்தியிருந்து கதை சொல்லியிருக்கிறார்கள் என்றாய். மித்ராஷ் என்று அதற்குப் பெயராம். ஒருவர் அவளுக்குப் பெயர் வைத்தார். ஒருவர், தன் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்ததை ஊருக்குக் காட்டிக்கொடுக்க அயல்வீடுகளில் உப்புக் கேட்டுத் திரிந்தவள், அதனால்தான் உப்பானாள் என்றார். இன்னொருவர், அவளுக்குக் கலியாணம் கட்டிய பெண்பிள்ளைகள் அந்த ஊரிலேயே நின்றுவிட்டார்கள், பின்னால் வருகிறார்களா என்று பார்க்கத் திரும்பினாள் என்றார்.

எது சரி என்று கேட்டேன். நீ அதைச் சொல்லவில்லை, நான் எதை எடுக்கிறேன் என்று திருப்பிக் கேட்டாய். எல்லாமே நன்றாக இருக்கிறது என்றேன். எங்கள் வீட்டில் அது நல்ல பதில். நீ மேசையில் ஒரு தட்டுத் தட்டினாய்.

"நல்லாயிருக்கு என்று சாப்பாட்டுக்குத்தான் சொல்றது. உன் மறுப்பு என்ன?"

நீங்கள் வேதத்தைத் தனியாகப் படிப்பதில்லை, இரண்டு பேராகத்தான் படிப்பீர்கள் என்று அதன் பிறகுதான் தெரியவந்தது. படிக்கிற துணைக்கு ஹவ்ரூதா என்று பெயர். அந்தத் துணையின் வேலை தலையாட்டுவது இல்லை, மறுப்பது. நீ ஒரு பழங்கதை சொன்னாய். பெரிய ஞானி ஒருவருக்கு அவருடைய துணை செத்துப்போனார். ஊர் கூடி ஒரு புதுத் துணையைப் பிடித்துக் கொடுத்தது. ஞானி எதைச் சொன்னாலும் புது ஆள், நீங்கள் சொல்வது சரி, அதற்கு இதோ ஆதாரம் என்றார். நான் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாதா, போனவர் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இருபத்துநாலு மறுப்புச் சொல்லியிருப்பாரே என்று ஞானி உடுப்பைக் கிழித்துக்கொண்டு தெருத் தெருவாக அழுது திரிந்தாராம். எனக்கு அப்போது அது ஒரு வேடிக்கைக் கதை.

மறுக்கப் பழக எனக்கு எவ்வளவு காலம் எடுத்தது. முதல் மறுப்பு உனக்கு நினைவிருக்கிறதா? "ஊருக்கே நெருப்பு வைத்தவரை ஒருத்தரும் கேட்கவில்லை, உப்புக் கேட்டுப் போனவளைப் பிடிக்கிறீர்கள்" என்று வெடித்துவிட்டேன். கடவுளைப் பேசிவிட்டேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீ எழும்பி வந்து என் நெற்றியில் கொஞ்சினாய்.

இனி நான் சொல்லப் பயந்ததைச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் புதன்கிழமை வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாய். அந்தக் கடைசிப் புதன்கிழமை காலையில் வெளிக்கிடும்போது என் கணவர் அன்ரன் எனக்குப் புத்தி சொல்லித்தான் அனுப்பினார். "அங்க போய் வாதாடிக்கொண்டு நிக்காதையும். வருத்தக்காரர் என்ன சொன்னாலும் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வாரும்." என் அம்மாவும் இதைத்தான் சொல்லியிருப்பார். வருத்தம் வந்து நோயில் கிடக்கிற ஒருவரோடு எங்கள் ஆட்கள் எவரும் எதிர்த்துக் கதைப்பதில்லை. அதுதான் அன்பு என்று நம்பி வளர்ந்தோம்.

நீ மறுபடியும் லோத்தின் மனைவியைத்தான் எடுத்தாய். குரல் மெலிந்திருந்தது. எல்லாரும் மனைவியைப் பற்றியே கேட்கிறோம், புருஷனை ஒருத்தரும் கேட்டதில்லை என்றாய். அவனும்தான் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தான்.

"அவன் திரும்பவே இல்லை, ஜெசி. ஒழுங்காக நடந்து போய்ச் சேர்ந்தான். நான் அவன்தான். தாலியாவை அங்கே விட்டுவிட்டு விமானம் ஏறினபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினவளுக்கு உப்பு. திரும்பாத எனக்கு இந்த நோய்."

உனக்குப் பிடிக்காத ஒருவனைக் கட்டிக்கொண்டு தாலியா அங்கேயே நின்றுவிட்டதும், போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நீ குடும்பத்தோடு மெல்பேர்னுக்கு வந்ததும் எனக்கு முன்பே தெரியும். ஆனால் உன் நோயையும் அதையும் நீ இப்படி முடிச்சுப் போட்டு வைத்திருந்தாய் என்று தெரியாது. நீ என் கையைப் பிடித்தாய். "சரி, சொல்லு. உன் மறுப்பு என்ன?"

எப்படிக் கேட்டாய் தெரியுமா, ரூத்? வழக்கமாகக் கேட்கிற அதிகாரம் அதில் இல்லை. இந்த ஒருமுறை நீ தோற்கத்தான் ஆசைப்பட்டாய். இப்போது விளங்குகிறது.

நான் உன் கையைத் தடவிக்கொடுத்து, "ஓம், நீ சொல்றது சரி. இப்ப கொஞ்சம் நித்திரை கொள்" என்றேன்.

நீ என் கையை விட்டாய். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். அடுத்த புதன்கிழமை வருவதற்குள் உன்னை அடக்கம் செய்தாகிவிட்டது.

அன்ரன்மேல் பழியைப் போடலாம், பழக்கத்தின்மேலும் போடலாம். உண்மை அது மட்டும் இல்லை. நானும் சண்டைக் காலத்தில் மன்னார், பேசாலைக் கரையில் என் அப்பாவை நிறுத்திவிட்டு வள்ளத்தில் ஏறியவள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்றார். போனேன். திரும்பிப் பார்த்தால் இறங்கிவிடுவேன் என்று பயந்து கடலையே பார்த்துக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை. உன் தீர்ப்பு எனக்கும் அளவாக இருந்தது. உன்னை மறுக்க வேண்டுமென்றால் முதலில் என்னை மறுக்க வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

இத்தனைக்கும் மறுப்பு என் கையிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் உங்கள் ஓய்வுநாள் தொடங்குமுன் கடையிலிருந்து நேரத்தோடு வெளிக்கிடுவாய். வெளிக்கிடுமுன் பின்னறைக்குள் போய்த் தாலியாவுக்குப் போன் அடிப்பாய். மணி போய்க்கொண்டே இருக்கும். கடைசிவரை அடிக்கவிட்டு வைத்துவிட்டு, "வேலையாக இருப்பாள்" என்று என்னிடம் சொல்லி, பையைத் தூக்கிக்கொண்டு போவாய். ஒரு வெள்ளியாவது நீ தவறவிட்டதை நான் பார்க்கவில்லை. இதைக் கண்ணால் கண்ட சாட்சி நான் ஒருத்திதான். அந்தச் சாட்சி கட்டிலின் பக்கத்தில் இருந்துகொண்டு நித்திரை கொள் என்று சொன்னது.

நேற்று தாலியா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். உன் குசினியில் எந்தக் கோப்பை பாலுக்கு, எது இறைச்சிக்கு என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டு நின்றாள், பிறகு எதற்கும் பிழையில்லாத கண்ணாடி டம்ளரில் தேத்தண்ணி தந்தாள். உன்னைப்போலவே புருவத்தைத் தூக்குகிறாள். அம்மா கடைசியில் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாவா என்று கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறாய்? அம்மா அமைதியாகப் போனா, ஒரு குறையும் சொல்லவில்லை என்றேன். இரண்டாம் முறையும் அதே வேலை.

தாலியா என்னை நேராகப் பார்த்தாள். "அமைதியாகப் போனது என்றால் அது என்ர அம்மா இல்லை, அன்ரி."

இங்கத்தைய பிள்ளைகள் என்னை அன்ரி என்பது வழக்கம். உன் பிள்ளை அதை எங்கே பிடித்தாள் என்று தெரியாது, உன் மகன் சொல்லியிருப்பான். டம்ளரைக் கீழே வைத்தேன். அவளே பேசினாள். வெள்ளிக்கிழமைகளில் உன் போன் வரும்போது அங்கே காலை, அவள் வேலைக்குப் புறப்படுகிற நேரம். கோபத்தில் எடுப்பதில்லை. பிறகு, இத்தனை வருடம் எடுக்காததை இனி எப்படி எடுப்பது என்ற வெட்கத்தில் எடுப்பதில்லை.

"ஆனால் அது அடித்து முடியாமல் நான் ஒருநாளும் வீட்டை விட்டு வெளிக்கிட்டதில்லை" என்றாள். "பையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்பன். அம்மா செத்த வாரத்து வெள்ளி அது அடிக்கவில்லை. வேலைக்குப் போகாமல் அங்கேயே நின்றன்."

கேட்டாயா, ரூத்? இந்த முனையில் நீ அடித்துக்கொண்டு நின்றாய், அந்த முனையில் அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பாதி எனக்குத் தெரியும், பாதி அவளுக்குத் தெரியும். அந்தப் புதன்கிழமை நான் வாயைத் திறந்து என் பாதியைச் சொல்லியிருந்தால், நீ என்னோடு சண்டை போட்டிருப்பாய். சண்டை சூடேறினால் நான் போனை எடுத்து அவளுக்கே அடித்திருப்பேன். வேறு ஒரு கிழமையில், வேறு ஒரு நேரத்தில், வேறு ஒரு இலக்கத்திலிருந்து வந்தால் அவள் எடுத்திருப்பாளோ என்னவோ. இந்த எண்ணம்தான் என்னைத் தின்கிறது. நல்லவளாக இருக்கப் போய் உன்னைத் தனியாக விட்டுவிட்டேன்.

தாலியாவிடம் நேற்றும் நான் மிச்சத்தைச் சொல்லவில்லை. உன் நோயை, அவளை விட்டு வந்ததற்குக் கிடைத்த தண்டனை என்று நீ நம்பினாய் என்பதை எப்படிச் சொல்வது? கேட்டால் அவள் அதைச் சாகும்வரை சுமப்பாள். வீட்டுக்கு வந்து அன்ரனிடம் சொன்னேன். சொல்லாமல் விடும், செத்தவ செத்துப்போனா, அந்தப் பிள்ளையாவது நிம்மதியாக இருக்கட்டும் என்றார். அவர் நல்ல மனுஷன். இவ்வளவு காலமும் நானும் அப்படித்தான் நல்ல மனுஷி.

ஆனால் நீ சொல்லித் தந்த இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் பெரியவர்கள் ஒரு வாக்குவாதத்தை எழுதி வைக்கும்போது வென்றவர் சொன்னதை மட்டும் எழுதுவதில்லை. தோற்றவர் சொன்னதையும் அவருடைய பெயரோடு எழுதுவார்கள். ஒருவர் சொன்னதை மறைத்தால் மற்றவர் மறுத்ததற்கும் அர்த்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் கல்லறையடியில் என்னையும் நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறாள் தாலியா. அடக்கத்துக்கு நான் எங்கள் வழக்கப்படி பெரிய பூக்கூடையோடு வந்து, அங்கே ஒருவர் கையிலும் பூ இல்லாததைக் கண்டு, அதைக் காரிலேயே ஒளித்து வைத்தவள். இந்த முறை உங்கள் வழக்கப்படி ஒரு சின்னக் கல் கொண்டுவருகிறேன். ஊரார் முன்னால் உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வேன். எல்லாரும் போன பிறகு தாலியாவை மட்டும் நிறுத்தி, உன் பேச்சை உன் பெயரிலும் என் பேச்சை என் பெயரிலும் சொல்வேன். இது என் சத்தியம். ஒரு சொல்லும் மெழுக மாட்டேன். அவள் அழுவாள், என்னைத் திட்டவும் கூடும். திட்டட்டும், உன் மகள்தானே.

அவளுக்குச் சொல்லுமுன் உனக்குச் சொல்லிவிடுகிறேன், இது முதலில் உனக்குத் தரவேண்டியது.

ரூத் சொன்னாள்: நான் லோத்து, திரும்பிப் பார்க்காமல் போனவள். ஜெசிந்தா மறுக்கிறாள்: இல்லை. விமானம் ஏறின அன்று நீ திரும்பவில்லை, சரி. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் திரும்பினாய். பின்னால் உன் பிள்ளை நின்றுகொண்டுதான் இருந்தாள்.

இப்போது நீ சொல்லு, ரூத். உன் மறுப்பு என்ன?

பெட்டிகளை இறக்கிவிட்டு உன் கதிரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் எதிர்க்கதிரைச் சகோதரி,
ஜெசிந்தா