தலைக்குக் குளித்ததால் அல்ல

மார்ச் 4

நான் தலைக்குக் குளித்ததால் குரல் போகவில்லை. எங்கள் ஊர் ஹாரோ முழுவதும் வேறு மாதிரிப் பேசுகிறது, அதனால் இதை முதலில் எழுதி வைக்கிறேன். நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோதே குரல் இல்லை. குளித்தது பதினோராம் நாள்.

பக்கத்து வீட்டு இசியாங் வாசலில் நின்று என் மகளிடம் கத்துகிறாள், எனக்குக் காதும் போய்விட்டதுபோல. "இது புகாட்தான் நிவெஸ், வேறென்ன! உடம்பு தேறுறதுக்குள்ள தண்ணியில நின்னா நோய் திரும்பி வந்து அடிக்காதா? மானாங் யார் பேச்சக் கேட்டாங்க?" மானாங், அதாவது மூத்த அக்கா, நான்தான்.

மார்ச் 7

கஞ்சி இறங்குகிறது, தண்ணீர் புரையேறுகிறது. தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு இருமுகிறேன். பிளந்து கம்பியால் கட்டிய எலும்பு.

மார்ச் 12

தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். இடது குரல்நாண் அசையவே இல்லை. அதன் நரம்பு நேராகத் தொண்டைக்குப் போகாமல், நெஞ்சுக்குள் இறங்கி, பெருநாடியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறதாம். டாக்டர் சலிடோ எனக்குச் சரிசெய்தது அந்தப் பெருநாடியின் வீக்கத்தைத்தான். ஆக, குளியலறையில் அல்ல. ஆபரேஷன் மேசையில்.

"அம்மா, உயிரோட வந்தீங்களே, அது போதாதா?" என்கிறாள் நிவெஸ்.

போதாது.

மார்ச் 15

டிஸ்சார்ஜ் சீட்டில் 'சிக்கல் ஏதும் இல்லை' என்றிருக்கிறது. சிவப்பு மையால் அடித்துவிட்டு டாக்டர் சலிடோவிடம் நீட்டினேன். எங்கள் கன்னியர் பள்ளியில் தவறான வாக்கியத்தை விட்டுவைத்தால் முட்டியில் அளவுகோல் விழும்.

"நரம்பு கொஞ்சம் இழுபட்டிருக்கலாம்மா. நடக்கிறதுதான். ஒரு வருஷம் பாப்போம்."

எழுதித் தாருங்கள் என்று எழுதிக் காட்டினேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 30

பெரிய வெள்ளியன்று கோயிலில் யேசுவின் பாடுகளின் வாசகத்தைப் பதினாறு வருடமாக நான்தான் வாசிக்கிறேன். இந்த வருடம் ஓய்வெடுக்கச் சொல்லி பாதர் செவெரோ ஆள் அனுப்பினார். என் இடத்தில் இசியாங்.

இசியாங்! 'பிலாத்து' என்ற பெயரில் தடுக்கி விழுபவள்.

ஏப்ரல் 6

பேச்சுப் பயிற்சிப் பெண் சொன்னபடி தலையை முழுக்க இடப்பக்கம் திருப்பினேன். குரல் வந்தது! கரகரப்புதான், ஆனால் குரல். சமையலறையிலிருந்து நிவெஸ் கரண்டியோடு ஓடி வந்தாள். "யாரும்மா பேசுறது?"

நான்தான்.

ஏப்ரல் 10

பாதரிடம் பத்து வரி வாசித்துக் காட்டினேன். என் இடம் எனக்கே.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

வாசித்தேன். மூன்று முறை மூச்சு வாங்க நின்றேன். ஒரு சொல்லையும் விடவில்லை. தலை இடப்பக்கம். இடப்பக்க முதல் வரிசையில் இசியாங். கடைசிவரை அவள் முகத்தைப் பார்த்தே வாசிக்க வேண்டியதாயிற்று. மருத்துவக் காரணம்.

வெளியே பிடித்துக்கொண்டாள். "ஏன் மானாங் என்னையே அப்படிப் பாத்தீங்க? யேசுவக் காட்டிக் குடுத்தது நானா?"

சிரித்துப் புரையேறிவிட்டது. அவளே முதுகைத் தடவினாள். நரம்பைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப குளிச்சதால இல்லங்கிறீங்க? டாக்டர் எழுதிக் குடுக்கட்டும், நம்புறேன்."

சரியான நிபந்தனை. இசியாங்கிடமிருந்து!

ஏப்ரல் 22

டாக்டர் சலிடோவுக்கு இன்று அனுப்பிய கடிதத்தின் நகல்:

'நீங்கள் என் உயிரைக் காப்பாற்றினீர்கள். அதற்கு நன்றி. ஆனால் "சிக்கல் ஏதும் இல்லை" என்பது உண்மையல்ல. அதை நீக்கி, இடது குரல்நாண் அசைவிழந்தது அறுவைச் சிகிச்சையின் விளைவு என்று பதிவு செய்யுங்கள். இது திரும்புமா, திரும்பாதா என்பதையும் சொல்லுங்கள். எதுவானாலும் தாங்குவேன். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். எழுத்தில் பதில் தாருங்கள்.'