சாயாக்கடையில் மறுபடியும் சண்டை

அன்பு மக்கா தங்கமணி,

அங்கே சுகமா? கெட்ட செய்தி சொல்ல இதை எழுதவில்லை, பயப்படாதே. கன்னிப்பூ நெல் நடவு முடிந்துவிட்டது. கால்வாயில் தண்ணீர் தாராளமாக வருகிறது. யார் ஆட்சி நடக்கிறது என்று மட்டும் இப்போதைக்குக் கேட்காதே. சொன்னால் நீ அங்கேயே ஆரம்பித்துவிடுவாய், பக்கத்தில் இருப்பவர்கள் பாவம்.

நீ போன பிறகு நான் பட்ட பாட்டை முதலில் கேள். பள்ளிக்கூட கிளார்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து எனக்கு இருந்த ஒரே உத்தியோகம் உன் கடைதான். வயலைப் பார்த்துவிட்டு பூதப்பாண்டி ரோட்டுக்கு ஏறினால் உன் சாயா, ஒரு ரசவடை, அப்புறம் சண்டை. நீ ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. நான் சிவன் கோயில், நீ கண்ணாடி வைத்துக் கும்பிடுகிற அய்யாவழி. "கண்ணாடிக்கு முன்னால நின்னு என் மூஞ்சியவே கும்பிடச் சொல்லுதியாலே?" என்று நான் கேட்டால், "அந்த மூஞ்சிக்குள்ள ஒண்ணும் தெரியலேன்னா, கோயில்லயும் ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி" என்பாய். நான் இன்னொரு வடையை எடுத்துக் கடிப்பேன்.

கடை பூட்டியதும் நான் ஜங்ஷனில் இருக்கிற கடைக்குப் போக ஆரம்பித்தேன். சாயா கொள்ளாம், குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே நான் என்ன சொன்னாலும் எல்லோரும், "ஆமா, நீங்க சொல்லுகதுதான் சரி" என்று தலையாட்டிவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஒருநாள் வேண்டுமென்றே உன் கட்சியைப் புகழ்ந்து பார்த்தேன். அதற்கும் ஆமாம் என்றார்கள். மனிதனை இப்படியா தனியாக விடுவது?

சில மாதம் கழித்து ஒரு காலையில் உன் கடைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அடுப்புக்கு முன்னால் சரோஜா. நாகர்கோவிலில் மகள் வீட்டில் இருந்தவள், இருப்புக் கொள்ளவில்லை என்று திரும்பி வந்துவிட்டாளாம். உன் பெண்டாட்டி அதிகம் பேசி நான் பார்த்ததில்லை. கடைக்கு வடை கொண்டுவந்து வைப்பாள், "இருங்க அண்ணாச்சி" என்பாள், போய்விடுவாள். அதனால் நானும் மரியாதையாகச் சாயா குடித்துவிட்டு மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு எழுந்து வந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் பேப்பரைப் படித்தபோது வாய் சும்மா இருக்கவில்லை. "பொம்பளைகளுக்கு பஸ்ஸை இலவசமா விட்டா நாடு எப்பிடி உருப்படும்?" என்றேன், பொதுவாக.

சரோஜா சாயா ஆற்றுவதை நிறுத்தவே இல்லை. "நாரோயில் மார்க்கெட்டுக்கு நான் அந்த பஸ்ஸிலதான் போறேன் அண்ணாச்சி. மிச்சம் பிடிச்சுதான் ஒங்க வடைக்குப் பருப்பு வாங்குகேன். ஒங்க பென்ஷன் மட்டும் மழைல முளைச்சா வருது?"

பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவளையே பார்த்தேன். வார்த்தை, நிறுத்தம், கடைசியில் குத்துவது எல்லாம் அப்படியே நீ.

"இப்பிடிப் பேச தங்கமணிகிட்ட படிச்சியாக்கும்?" என்று கேட்டேன்.

"அவியகிட்டயா?" என்றாள். "ராத்திரி சாப்பிட இருக்கும்போ, 'அண்ணாச்சி இன்னைக்கு இப்பிடிச் சொல்லிட்டாரு, நாளைக்கு என்ன சொல்ல?'ன்னு கேப்பாவ. நான் சொல்லிக் குடுப்பேன்."

அடப்பாவி. இத்தனை வருஷமும் நான் அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேனா? அந்தக் கண்ணாடிப் பதிலும் அவளுடையதுதானா? என்னிடம் தோற்ற நாட்களில் வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தாய்?

அன்றிலிருந்து கடையில் மறுபடியும் சத்தம். அவள் அய்யாவழி நிழல்தாங்கலுக்கும் போகிறாள், மண்டைக்காட்டு அம்மன் கொடைக்கும் போகிறாள். "ரெண்டுல எது ஒன் கட்சி?" என்று மடக்கினேன். "அம்மைகிட்ட கேக்க வேண்டியத அம்மைகிட்ட கேப்பேன், அய்யாகிட்ட கேக்க வேண்டியத அய்யாகிட்ட. வேண்டாம்னு ஒதுக்க எனக்கு யாரு இருக்கா?" என்றாள். ஜங்ஷன் கடைக் கூட்டத்தில் பாதி இப்போது இங்கே வந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் உன் மகன் பிரபு மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தான். கடையை ஒரு மொபைல் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, அம்மாவை அக்கா வீட்டில் கொண்டுபோய் விடுவது என்ற முடிவோடு வந்திருந்தான். "அம்மை இந்த வயசில அடுப்புல வேகணுமா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க பெரியப்பா" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சரோஜாவோ மகனுக்கு முன்னால், "ஒனக்கு எப்பிடித் தோணுதோ, அப்பிடிச் செய் மக்கா" என்றாள். என்னை வாய்மூட வைக்கிறவள், அன்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு என் மேலேயே சந்தேகம். கடை வேண்டும் என்பது அவளுக்காகவா, எனக்காகவா? எப்படிச் சொன்னாலும் தப்பாகிவிடும் போலிருந்தது. "ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாளைக்கு வெடியக்காலம் கடைல வந்து ஒரு சாயா குடி. அப்புறமா ஒனக்குத் தோணுகதச் செய்" என்றேன்.

வந்தான். மூலையில் உட்கார்ந்தான். வயலை மண் போட்டு நிரத்தி வீடு கட்டுகிறவர்களைப் பற்றி நான் ஆரம்பித்தேன். சரோஜா முதலில் மகனைப் பார்த்துத் தயங்கினாள். பிறகு அவளால் முடியவில்லை. ஆள் கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாத நெல்லை உழுகிறவன் எவ்வளவு காலம் ஆசைக்காக விதைப்பான் என்று கேட்டாள். நான் குரலை உயர்த்தினேன், அவள் கரண்டியை உயர்த்தினாள். பெஞ்சு இரண்டாகப் பிரிந்தது. பிரபு வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தான், சாயாவில் ஆடை கட்டிவிட்டது.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். "பெரியப்பா, அம்மை இவ்வளவு பேசுவாவளா? அப்பா போனதுக்கப்புறம் போன்ல 'சாப்பிட்டியா மக்கா'ன்னு கேட்டுட்டு வச்சிருவாவ. அக்கா வீட்டிலயும் பேச்சே இல்லேன்னுதான் நான் பயந்துட்டு வந்தேன்." அவன் கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது.

மொபைல் கடைக்காரரிடம் அவனே போய் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டான். மாவாட்ட கிரைண்டர் வாங்கிவைத்தான், அடுப்பு வேலைக்கு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தான். சரோஜா கல்லாவில் உட்கார்ந்து வாய் வேலையை மட்டும் பார்க்கிறாள். இப்போது தினமும் காலையில் மஸ்கட்டிலிருந்து போன் வரும். "இன்னைக்கு என்ன சண்ட?" என்று கேட்பான். அவள் ஒன்றும் விடாமல் சொல்வாள், நான் தோற்ற இடத்தை இரண்டு தடவை சொல்வாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். துக்கம் விசாரிக்கிற குரலில் அவளிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பாவம் என்று விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். அவள் தப்பாகச் சொன்னால் தப்பு என்பேன், சரியாகச் சொன்னாலும் சாயா தீரும்வரை தப்பு என்றே சொல்லிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உனக்கு அண்ணாச்சி, உன் வீட்டுக்கு எதிர்க்கட்சி,
சிதம்பரம்