வாய்க்காலில் நிற்கும் பெரிய மாடு

அன்புள்ள கவி அப்பாவுக்கு,

ஷோபனா எழுதுவது. கவி ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள். உங்கள் அப்பா இன்னும் கட்டிலோடுதான் இருக்கிறார். கவலைப்பட்டால் மூச்சிரைப்பு கூடிவிடும் என்று எதையும் அவரிடம் சொல்வதில்லை. போனில் பேசும்போது அவர் பக்கத்திலேயே இருப்பதால் பாதி விஷயம் தொண்டையில் நின்றுவிடுகிறது. அதனால்தான் முத்துப்பேட்டை ஹம்தான் தோகா திரும்பும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பெரிய மாடு கன்று போட்டதோடு படுத்துவிட்டது. கன்று நன்றாக இருக்கிறது, தாய் எழவில்லை. கால்நடை டாக்டர் செம்மொழி வந்து கால்சியம் ஏற்றினார். அப்படியும் முன்னங்காலை ஊன்றிப் பார்த்துவிட்டுச் சாய்ந்துவிடுகிறது. நம் பழைய உம்பளச்சேரி மாடு ஈன்ற கையோடு எழுந்து வைக்கோலைத் தேடும். அந்தக் குட்டை மாடே நமக்குப் போதும் என்று அன்றைக்குத் தலைபாடாக அடித்துக்கொண்டேன். வாங்குறதுதான் வாங்குற, பெருசா வாங்கு என்றீர்கள்.

டாக்டர் என்னிடம், "உருவம் எல்லாப் பக்கமும் ரெண்டு மடங்கானா எடை எட்டு மடங்காயிடுங்க. தசையோட பலம் நாலு மடங்குதான் கூடும். அதான் பெரிய உடம்பு விழுந்தா எழுந்திரிக்கிறது கஷ்டம். கிடந்த கிடையா விட்டா அதோட பாரமே அடித்தசையை நசுக்கிடும்" என்றார். ஆடு என்றால் நானே தூக்கி நிறுத்திவிடுவேன். இதைப் புரட்டிப் போடவே தெருவில் இருக்கிற ஆண்பிள்ளைகள் எல்லாரும் வர வேண்டியிருக்கிறது.

தண்ணீருக்குள் இறக்கினால் பாரம் குறையும் என்றும் அவர்தான் சொன்னார். முந்தாநாள் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் தார்ப்பாயில் கிடத்தி, துரைக்கண்ணு டிராக்டரில் கட்டி மெல்ல இழுத்து இறக்கினார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். விலா முங்கியதும் அதுவாகவே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாடு நிக்குது, நீ ஏம்மா அழுவுற என்றார் துரைக்கண்ணு.

கரையேற்றினால் கொஞ்சம் நடக்கிறது, பிறகு மடங்கிவிடுகிறது. முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை அடைத்துவிடுவார்கள். அதற்குள் அதன் கால் அதைத் தாங்க வேண்டும். இல்லையென்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நாற்றங்காலுக்கு விதை விட வேண்டும். உங்கள் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்ட வேண்டும். எனக்கு முடியவில்லைங்க.

மாடு எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டால் உங்கள் அப்பா காதுபட நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வேன். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அதை நம்பி அங்கேயே இருந்துவிடாதீர்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கிளம்பி வாருங்கள்.

வாய்க்கால் கரையிலிருந்து,
ஷோபனா