மழைக்குப் பிரிக்காத வீடு

இன்று காலை ஆபீஸ் சைக்கிள் கொட்டகைக்குக் கூரை மாற்ற, கீற்றுக்கட்டுகளை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். மழையில் நன்றாக நனைந்திருந்தன. ஊறிய ஓலையின் புளித்த வாசனை ஜன்னல் வழியாக என் மேஜைவரை வந்தது. கையிலிருந்த கார்பன் தாளைக் கீழே வைத்துவிட்டேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று இன்றுதான் தோன்றியது. நாளை பத்து மணிக்குப் பஞ்சாயத்துக் கூட்டம். அதற்குள் உன்னிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

எட்டாம் வகுப்புவரை நாம் ஒரே பெஞ்சு. அப்புறம் நான் மேலே படிக்கப் போனேன், நீ உப்பு வாரப் போனாய். டைப்ரைட்டிங் பாஸ் செய்து பஞ்சாயத்து ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகப் புத்தகத்தோடு உப்பளத்துக்கு வந்துவிடுவேன். வரப்பில் உட்கார்ந்து வாசிப்பேன். நீ பலகையால் உப்பை இழுத்துக்கொண்டே, "அவ கடைசியில அவனக் கட்டிக்கிட்டாளா இல்லியா, அத மட்டும் சொல்லு" என்பாய். மத்தியானம் உன் குடிசையில், உன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சோறு.

அளத்தை ஒட்டிய அந்தப் பள்ளத்தில் நீங்கள் இருபத்திரண்டு குடும்பங்கள். ஐப்பசி பிறந்தால் உப்பங்கழி பெருகி உள்ளே வந்துவிடும். அதற்கு முன்பே கூரையைப் பிரித்து, கம்புகளைப் பிடுங்கிக் கட்டி, எல்லாவற்றையும் சாலையோர மேட்டில் அடுக்கி மூடிவிட்டு, அனுமந்தைக்கும் கூனிமேட்டுக்கும் உறவுக்காரர் வீடுகளுக்குப் போய்விடுவீர்கள். தையில் தண்ணீர் வடிந்ததும் திரும்புவீர்கள். அடுப்பு எரிந்த இடத்தில் மண் வெந்து இறுகிக் கிடக்கும். அதைப் பார்த்து அவரவர் இடத்தில் கம்பு நடுவீர்கள். என் இடம், உன் இடம் என்று ஒரு சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

சர்வேயர் வந்தது ஒரு கார்த்திகையில். உப்பு லாரிகள் சாலையின் இரண்டு பக்கமும் நின்று, பஸ் போக வழியில்லாமல் இருந்தது. லாரி நிறுத்த ஓர் இடம் வேண்டும் என்று பஞ்சாயத்து நினைத்ததில் தப்பில்லை. சர்வேயர் சாலையில் நின்றபடியே பார்த்தார். பள்ளத்தில் தண்ணீர்தான் தெரிந்தது. 'குடியிருப்பு இல்லை, காலியிடம்' என்று வரைபடத்தில் குறித்துக் கொடுத்தார். அந்தக் 'காலியிடத்தில்' லாரி நிறுத்தம் அமைப்பது என்று தீர்மானம் தயாரானது. மூன்று பிரதி. அடித்தவள் நான். பொய் என்று தெரிந்து அடித்தேன் என்றால்கூட எனக்கு ஒரு மரியாதை மிஞ்சியிருக்கும். விரல் அடித்தது, நான் படிக்கவில்லை. அவ்வளவுதான்.

மார்கழியில் வீட்டு மானிய மனுவோடு நீ வந்தாய். குடிசை இருக்கிற இடத்தில் சுவர் வைத்துக் கட்டிக்கொள்ள அரசாங்கம் கொடுக்கிற உதவி அது. கிளார்க் வரைபடத்தையும் அந்தத் தீர்மானத்தையும் விரித்தார்.

"வூடு எங்கம்மா இருக்குது? மேப்புல ஒண்ணும் இல்லியே."

"மழைக்குப் பிரிச்சி வச்சிருக்கோம் சார்."

"வூட்டப் பிரிச்சி வச்சிருக்கியா? அது இன்னா பாயா, சுருட்டி வைக்க?"

"ஆமா சார். தையில வாங்க, விரிச்சிப் போடறோம். உக்காந்துட்டுப் போங்க."

ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"அந்தத் தீர்மானத்த டைப் அடிச்சது யாருடி?"

"நாந்தான்."

"எங்க வூட்டுல சோறு தின்னிருக்கியா இல்லியா?"

"தின்னிருக்கேன்."

"எங்க உக்காந்து தின்ன? காலி எடத்துலயா?"

"இவ்ளோ புக்கு படிக்கிறியே, நீ அடிச்சத ஒரு வாட்டி படிக்க மாட்டியா?" என்று சொல்லிவிட்டு நடந்தாய்.

அன்று மாலையே ஆட்சேப மனுவை எழுதி உன்னிடம் கொண்டுவந்தேன். நீ ஊர் ஊராக நடந்து இருபத்திரண்டு குடும்பத்திலும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிவந்தாய். மனு மேஜை மேஜையாக நகர்ந்து, ஜில்லா ஆபீசர் நேரில் பார்க்க வருகிறார் என்று பதில் வந்தபோது மறு வருஷத்துப் புரட்டாசி. வரப்போவது ஐப்பசிக் கடைசியில்.

"அப்ப இந்த வருசம் ஒருத்தரும் பிரிக்கக் கூடாது" என்றாய்.

உன் மாமியார் எகிறினாள். "ஏண்டி, ஒரு பேப்பருக்காவ தண்ணியில படுக்கணுமா? பைத்தியமா ஒனக்கு?"

"படுக்க வாணாம் அத்தே. நின்னா போதும்."

பாதிப் பேர் தயங்கினார்கள். நீ உன் குடிசைக்கு மண் வெட்டிப் போட்டுத் தரையை உயர்த்த ஆரம்பித்தாய். நாலு நாளில் எல்லாக் குடிசைகளிலும் மண்வெட்டிச் சத்தம். நானும் இரண்டு ஞாயிறு கூடை தூக்கினேன். "மெதுவாடி, டைப் அடிக்கிற கை" என்று அப்போதும் கேலி.

ஜீப் வந்த அன்று தண்ணீர் முழங்காலுக்கு நின்றது. ஆபீசர் சாலையை விட்டு இறங்கவில்லை. நீ வாசலில் நின்று குரல் கொடுத்தாய். "எறங்கி வாங்க சார், முழங்கால் தண்ணிதான். எங்க புள்ளைங்க பள்ளிக்கூடம் போற தண்ணிதான்." அவர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு குடிசையாக விரல் நீட்டி எண்ணினார். நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

தையில் அறிக்கை வந்தது. இந்த முறை படித்துவிட்டுத்தான் நகல் அடித்தேன். 'இருபத்திரண்டு குடிசைகள் உள்ளன. வெள்ளம் தேங்கும் பகுதி. குடியிருக்கத் தகுதியற்றது. மானியம் வழங்க இயலாது.' வீடுகளைக் காட்டத்தான் தண்ணீரில் நின்றோம். அவர் தண்ணீரையும் பார்ப்பார் என்று நம் இருவருக்குமே தோன்றாமல் போய்விட்டது. அழுதுகொண்டே உன்னிடம் ஓடிவந்தேன். நீ தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாய். 'உள்ளன' என்ற இடத்தில் நகத்தால் ஒரு கோடு கிழித்தாய்.

"இருக்கோம்னு எழுதிட்டாரு இல்ல? இனிமே எங்கன்னு கேக்கலாம். பள்ளத்துல மண்ணு கொட்டி லாரிய நிறுத்திக்கட்டும். வருசா வருசம் அந்த ரோட்டு மேட்டுல எங்க கூரை படுத்துக் கெடக்குது. நாங்க படுத்தா ஆவாதா?"

மேட்டில் இடம் கேட்டு நான் புது மனு எழுத ஆரம்பித்தேன். பங்குனியில் உனக்கு மஞ்சள் காமாலை. மொத்தம் பத்து நாள். கடைசியாக நான் வந்தபோது கண்ணெல்லாம் மஞ்சள். "மேட்டு மனு இன்னா ஆச்சி?" என்றாய். "குடுத்தாச்சு" என்றேன். அது பொய். மறுநாள் ஆபீஸ் திறந்ததும் கொடுத்தேன். அன்று சாயங்காலம் நீ இல்லை.

அந்த மனு நாளைக் கூட்டத்தில் கடைசிப் பொருளாக வருகிறது. அதற்கு முன்னாலேயே, அதே மேட்டில் வாடகைக் கடைகள் கட்டுவது என்று ஒரு பொருள் இருக்கிறது. அது நிறைவேறிவிட்டால் நம் மனுவைப் பேச இடமே இருக்காது. மதியம் தலைவரிடம் போய், கூட்டத்தில் நான் பேச வேண்டும் என்று கேட்டேன்.

"டைப்பிஸ்ட் பேசறதா? நீ பாட்டுக்கு அடிம்மா. பேசறத நாங்க பாத்துக்கறோம்."

"அப்ப நாளைக்கு லீவு குடுங்க சார். ஊர்க்காரியா வர்றேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தது அதுவே முதல் தடவை. லீவு விண்ணப்பத்தை அடித்து, இரண்டு முறை படித்து, அவர் மேஜையில் வைத்தேன். வேலை போனாலும் போகலாம். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நான் அனுப்பிய சேதிக்கு உன் மாமியார் அனுமந்தையிலிருந்து பதில் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறாள். "எல்லாரையும் கூட்டியாறேன். அந்தப் பொண்ண கத்திப் பேசச் சொல்லு. மென்னு முழுங்கப் போவுது."

நான் மென்று முழுங்குகிறவள்தான். நாலு பேர் நடுவில் பேசி வழக்கமில்லை. ஆனால் அன்று வேப்பமரத்தடியில் நீ கேட்ட கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஓர் இடத்தைப் பற்றி எந்தத் தாள் வந்தாலும், அங்கே யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பார்க்காமல் இப்போது என் விரல் நகர்வதில்லை.

நாளை கடைகள் பற்றிய பொருளை எடுத்ததும் எழுந்து நிற்பேன். மேட்டில் இடம் கேட்கிற குடும்பங்களின் பெயர்களை வாசிப்பேன். மனுவில் உன் பெயர் இருந்த முதல் இடத்தில் இப்போது உன் மகளின் பெயர். "உக்காரும்மா" என்பார்கள். இருபத்திரண்டாவது குடும்பத்தை வாசித்து முடிக்கும்வரை உட்கார மாட்டேன்.