பிடியரிசிப் பெண்

பம்கோல்
1973 மார்ச் 2

அன்புத் தங்கை யோன்சிம்முக்கு,

தல்லே எழுதுவது. ஓடையில் பனி உடைந்துவிட்டது. என் வீட்டு நாலு எருமைக் கடாக்களும் சுகம் (பிள்ளைகளைத்தான் சொல்கிறேன்). உன் தையல் கடை எப்படி, முதுகுவலி எப்படி?

இந்தக் கடிதத்தோடு உன் வாசலில் நிற்கிறவள்தான் மல்ஜா. நீ இந்த ஊரை விட்டுப் போனபோது தவழ்ந்துகொண்டிருந்தாள். மூன்று பெண்ணுக்குப் பிறகு நாலாவதும் பெண்ணாய்ப் போனதால் 'இதோடு போதும்' என்று வைத்த பெயர். தாய் செத்து ஆறு வருஷம் ஆகிறது. நம் ஊரிலிருந்து தேகு நகரத்துப் பெண்கள் வணிகப் பள்ளியில் இடம் வாங்கிய முதல் பெண் இவள்.

எங்கள் மாதர் சங்கத்தில் இருபத்துமூன்று வீடு. வேளாவேளைக்கு உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்து ஜாடியில் போடுகிறோம். மூன்று வருஷமாய்ப் போடுகிறோம். அந்த அரிசிதான் இவள் படிப்பு. இதற்காக நாங்கள் தின்கிற பார்லியைச் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும்.

இவள் அப்பா நூல் ஆலைக்கு ஆள் பிடிக்கிறவனோடு பேசி முடித்திருந்தார். நான் போய் முற்றத்தில் நின்றேன்.

"பொட்டப்புள்ள படிச்சு என்னத்தக் கிழிக்கப் போவுது?" என்றார்.

"நீங்க படிக்காம கிழிச்சதத்தான் ஊரே பாத்துச்சே" என்றேன்.

தங்க இடம் நீ கொடு, அரிசி நாங்கள் அனுப்புகிறோம். மாதம் ஒரு கடிதம் அவள் சங்கத்துக்கு எழுத வேண்டும், கூட்டத்தில் வாசிப்போம். பெண் எங்களுடையவள், மறந்துவிடாதே. சும்மா சொன்னேன்.

அக்கா,
தல்லே


தேகு
1973 ஜூன் 17

அன்புள்ள தல்லே அக்காவுக்கு,

உங்கள் அரிசி மூட்டையும் மிளகாய் விழுதும் பத்திரமாய் வந்து சேர்ந்தன. முதுகுவலி இருந்த இடம் தெரியவில்லை. மல்ஜா தினம் காலால் மிதித்துவிடுகிறாள். சொன்னால் சிரிப்பீர்கள், அவள் மிதித்துக்கொண்டே பாடம் ஒப்பிக்கிறாள், நான் குப்புறக் கிடந்து வணிகக் கல்வி கற்கிறேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பதினாலு வருஷமாய் இந்தத் தெருவில் எனக்குப் பெயர் 'தையல்காரி'. பிள்ளை இல்லாதவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? போன வாரம் மீன்காரி, "மல்ஜா அம்மா, கானாங்கெளுத்தி வந்திருக்கு, பாக்காமப் போறியே" என்று கூப்பிட்டாள். யாரையோ கூப்பிடுகிறாள் என்று நாலு அடி நடந்துவிட்டேன். பிறகு திரும்பி வந்து, வேண்டாத மீனை இரண்டு வாங்கினேன்.

நீங்கள் அனுப்புகிற அரிசியை இரவில் அப்படியே வெள்ளையாகப் பொங்கிப் போடுகிறேன். பள்ளிக்கு மட்டும் பார்லி கலந்துதான் கட்டுகிறேன். மத்தியானம் ஆசிரியர் ஒவ்வொரு டப்பாவாகத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார். மூன்றில் ஒரு பங்கு பார்லி இல்லாவிட்டால் அடி. நாட்டில் அரிசி பற்றாக்குறையாம், அரசாங்க உத்தரவு.

உங்கள் தங்கை,
யோன்சிம்


பம்கோல்
1974 டிசம்பர் 1

யோன்சிம்முக்கு,

குளிர்காலக் கிம்ச்சி போட்டு முடித்தோம். இருநூறு கோஸ். கை இரண்டும் உப்பிலும் மிளகாயிலும் வெந்துபோய்க் கிடக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், கோபம் இல்லை.

கோபமும்தான். மல்ஜாவின் கடிதத்தை நேற்றுக் கூட்டத்தில் வாசித்தார்கள். நான் எண்ணினேன். 'யோன்சிம் அம்மா' பதினொரு இடத்தில் வந்தது. யோன்சிம் அம்மா பூத்தையல் சொல்லிக் கொடுத்தாள், யோன்சிம் அம்மாவோடு ஏரிக்குப் போனேன், யோன்சிம் அம்மாவுக்குத் தும்மல். நான் ஒரே இடத்தில் வந்தேன், அதுவும் 'மதிப்பிற்குரிய சங்கத் தலைவி அவர்கள்' என்று. அவள் அப்பனோடு முற்றத்தில் நின்று சண்டை போட்டவள் தலைவி, தும்மினவள் அம்மாவா?

அறுவடை விடுமுறைக்கு ஒரு வாரம் என்று வந்தவள் மூன்றாம் நாளே கிளம்பிவிட்டாள். உனக்கு முதுகுவலியாம். போய்விட்டது என்று எழுதினாயே, எங்கிருந்து திரும்பி வந்தது?

இன்னொன்று. நம் சங்கத்துக் கிசூவின் அம்மா தேகுவுக்கு வந்தபோது மல்ஜாவின் சோற்று டப்பாவைப் பார்த்தாளாம். "அக்கா, கறுகறுன்னு பார்லி. நம்ம அரிசி எங்க போவுதுன்னு தெரியல" என்றாள். உத்தரவு என்று நீ எழுதினது ஞாபகம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளியில் எந்த வாத்தியாரும் எந்த டப்பாவையும் திறந்து நாங்கள் பார்த்ததில்லை.

வசந்தத்தில் நானே வருகிறேன்.

தல்லே


பம்கோல்
1975 மே 20

தங்கை யோன்சிம்முக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மூன்று நாள் உன் வீட்டில் தின்றதற்கும் தூங்கினதற்கும் நன்றி. உன் வீட்டில் அவள் பாயும் உன் பாயும் ஒட்டிக் கிடக்கின்றன என்பதைக் கவனித்தேன். நல்லது.

நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கடைசி நாள் நீ விடியலில் கடை திறக்கப் போன பிறகு, உன் அடுப்பில் நான் உலை வைத்தேன். நம் ஜாடி அரிசி, ஒரு மணி பார்லி கிடையாது, மல்லிகை மாதிரி வெள்ளைச் சோறு. மேலே ஒரு முட்டை. டப்பாவை அவள் கையில் கொடுத்தேன். "அம்மா, இது..." என்று ஆரம்பித்தாள். "ஒரு நாள் தின்னுடி, ஒண்ணும் ஆகாது" என்றேன். டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. எது யார் கைச் சோறு என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

என்னை 'அம்மா' என்றாள், கவனித்தாயா?

அக்கா,
தல்லே


பம்கோல்
1975 அக்டோபர் 28

யோன்சிம்,

வங்கி வேலைக்குப் பள்ளி சிபாரிசு செய்த ஆறு பேரில் மல்ஜா பெயர் இல்லை என்று அவள் எழுதியிருக்கிறாள். காரணம் எழுதவில்லை. மதிப்பெண்ணில் வகுப்பில் இரண்டாவதாக வந்தவள். பிறகு என்ன குறை? கூட்டத்தில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவள் அப்பா சந்தையில் என்னை நிறுத்தி வைத்து, "கிழிச்சிட்டாளா?" என்று கேட்டார். இரண்டரை வருஷம் காத்திருந்த கேள்வி.

பெண்ணை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவளிடம் விட்டது என் தப்பு. பெறாதவளுக்கு எப்படித் தெரியும் என்று கிசூவின் அம்மா சொன்னாள். நான் மறுக்கவில்லை. வரும் கூட்டத்தில் அவளை வேறு வீட்டுக்கு மாற்றத் தீர்மானம் கொண்டுவருகிறேன்.

பம்கோல் மாதர் சங்கத் தலைவி


தேகு
1975 நவம்பர் 9

தல்லே அக்காவுக்கு,

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்தேன். பெறாதவள் என்று எழுதினீர்களே, அதற்குப் பிறகு அந்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

நீங்கள் கட்டிக் கொடுத்த அன்று மத்தியானம் டப்பாவைத் திறக்கச் சொன்னார்கள். வெள்ளைச் சோறு கொண்டுவந்து மாட்டிக்கொள்கிற பெண்கள் செய்கிற ஒரு வேலை உண்டு. பக்கத்துப் பெண்ணிடம் பத்துப் பார்லி மணி கடன் வாங்கி மேலே பதித்துவிடுவார்கள். ஆசிரியருக்கும் தெரியும், பார்க்காததுபோல் போய்விடுவார். பக்கத்துப் பெண் ஒரு கரண்டி அள்ளி நீட்டியிருக்கிறாள். இவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

ஏன்டி என்று அன்று மாலை கேட்டேன். "எங்க ஊர் அம்மாங்க வாயக் கட்டிச் சேத்த அரிசிம்மா. அது மேல எதையும் தூவி மறைக்க எனக்குக் கை வரல" என்றாள்.

ஆசிரியரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறாள். எதிர்த்துப் பேசியதாக ஆகிவிட்டது. இரண்டு உள்ளங்கையும் வீங்கி, ஒரு வாரம் ஊசி பிடிக்க முடியவில்லை. நடத்தைக் குறிப்பில் ஒரு வரி எழுதிவிட்டார்கள். வங்கிக்காரர்கள் அந்த வரியைத்தான் முதலில் பார்ப்பார்களாம்.

மறுநாள் பள்ளியில் என்னைக் கூப்பிட்டார்கள். "சோறு கட்டினது யாரு?" என்று கேட்டார்கள். "நான்தான், புத்தி கெட்டுப்போய்க் கட்டிட்டேன்" என்று சொல்லி ஆசிரியர் அறையில் தலை தரையில் படக் குனிந்தேன். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றவள் அவள். "அவங்களுக்குத் தெரிஞ்சா அப்புறம் சோறு இறங்காது" என்றாள்.

இப்போது என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அன்று இரவு அவள் கைக்கு மருந்து போடும்போது எனக்கு வந்தது இரக்கம் மட்டுமில்லை, அக்கா. நான் கட்டின சோற்றுக்காக இவள் இப்படி நிற்பாளா என்று நினைத்தேன். நிற்க மாட்டாள். நான் தினமும் கட்டுகிறவள். வயிறு எரிந்தது.

தீர்மானம் போடுவதென்றால் போடுங்கள். பட்டமளிப்பு பிப்ரவரி பதினாலு. பெற்றவர்களுக்காக ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரே ஒரு இருக்கை போடுகிறார்கள். அது யாருக்கு என்று மல்ஜா இன்னும் பெயர் எழுதிக் கொடுக்கவில்லை. தினமும் அந்தத் தாளை எடுக்கிறாள், மடித்து வைக்கிறாள்.

யோன்சிம்


பம்கோல்
1976 ஜனவரி 25

யோன்சிம்முக்கு,

பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. நாலு தடவை எழுதி அடுப்பில் போட்டேன்.

உன் கடிதத்தைக் கூட்டத்தில் நானே எழுந்து நின்று வாசித்தேன், என்னைப் பற்றிய வரிகளையும் விடவில்லை. 'பெறாதவள்' என்ற இடத்தில் கிசூவின் அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். போகட்டும். அவள் சொன்னதை எழுதினது என் கை. தலைமையை விட்டுவிடுகிறேன் என்றேன். "உக்காருங்க, அடுத்த பொண்ணுக்கு யாரு அலையறது?" என்று என்னை இழுத்து உட்கார வைத்துவிட்டார்கள். மில்காரர் வீட்டு இரண்டாவது பெண் தேறியிருக்கிறாள். அவளை எங்கே தங்க வைப்பது என்ற பேச்சு வந்தபோது உன்னைச் சொல்ல எனக்கு முகம் இல்லை. அவர்களே உன் பெயரைச் சொன்னார்கள். நீ மாட்டேன் என்று எழுதினால் அதையும் வாசிப்பேன்.

மல்ஜாவுக்கு ஜவுளிக் கம்பெனி அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்ததாகச் சொன்னார்கள். வங்கியில் உட்கார வேண்டியவள். அதை நான்தான் கெடுத்தேன். உன்னிடமிருந்து அவளைப் பிடுங்க ஒரு கரண்டி சோறு போதும் என்று நினைத்தேன். அவள் அடிவாங்கினதைக் கேட்டபோது முதலில் எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். என் சோற்றுக்காக நின்றாளே என்று. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. இப்படிப்பட்டவள் நான்.

அந்தத் தாளில் உன் பெயரை எழுதச் சொல். நான் சொன்னேன் என்று சொல், இல்லாவிட்டால் எழுத மாட்டாள். நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு போ. கைதட்டும்போது அழுது மானத்தை வாங்காதே.

பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் உன்னிடம் பொய் சொல்ல இனி எனக்குத் தைரியம் இல்லை. நான் அன்று வர மாட்டேன். வந்தால் நீ உட்காரும் முன் நான் போய் அந்த இருக்கையில் உட்கார்ந்துவிடுவேன்.

உன் அக்கா,
தல்லே