மோட்டார்களை ஒப்படைத்த தெரு

இன்று காலை பக்கத்து வீட்டில் மோட்டார் கருகிவிட்டது. குழாயில் தண்ணீர் இல்லாமல் வெறும் காற்றை இழுத்து இழுத்து உள்ளே செப்புக்கம்பிச் சுருள் எரிந்திருக்கிறது. அந்த வாடை என் சமையலறை ஜன்னல் வழியாக வந்தது. நகரத்தின் மறுபக்கம் ஹப்சிகுடாவுக்குக் குடிவந்த பிறகு இந்த வாடையை இப்போதுதான் நுகர்கிறேன். காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். குகட்பள்ளித் தெருவும் நீயும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வந்தீர்கள்.

இறந்துபோனவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களைக் கிண்டல் செய்தவள் நான். இப்போது எழுதுகிறேன். உன்னிடம் சொல்லாமல் விட்ட நன்றி ஒன்று பாக்கி இருக்கிறது.

நம் வீடு தெருவின் கடைசி வீடு. உங்கள் வீடு என்றுதான் சொல்ல வேண்டும். கீழே நீயும் உன் அப்பாவும், மேலே வாடகைக்கு நானும் அம்மாவும். ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் தண்ணீர் விடுவார்கள். தெருமுனை வீட்டுக்காரர் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுவார். அவர் உறிஞ்சுவதால் அடுத்த வீடும் மோட்டார் வாங்கியது, அதனால் அதற்கடுத்த வீடும். வீட்டுக்காரர்கள் தங்கள் தொட்டியில் பங்கு தராததால் மாடியில் குடியிருந்தவர்களும் ஆளுக்கொரு சின்ன மோட்டார் வைத்திருந்தோம். சட்டப்படி ஒருவரும் வைக்கக் கூடாது. கடைசி வீட்டுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் காற்றும் கொஞ்சம் துருவும்தான். முட்டியில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் அம்மா, அடுத்த தெரு போர்வெல்லிலிருந்து வாளியில் தண்ணீர் பிடித்து, ஒவ்வொரு படியாக வைத்து எடுத்து மேலே ஏறுவாள். நான் தூக்குகிறேன் என்றால் கேட்கமாட்டாள். நான் ஆபீசுக்குக் கிளம்பும்வரை காத்திருந்து போவாள்.

எனக்குத் தெரிந்த தீர்வு ஒன்றுதான்.

"பெரிய மோட்டாரா வாங்கிடலாம்டீ. ஒரு ஹெச்.பி. தெரு மொத்தத்தையும் நம்ம பக்கம் இழுத்துடலாம்."

"நக்கோ டீ, வேணாம். அடுத்த வாரம் முனை வீட்டு அங்கிள் ஒண்ணரை வாங்குவார். அப்புறம் நீ ரெண்டு வாங்குவே. கடைசில எல்லாரும் பெரிய பெரிய மோட்டார் வச்சிக்கிட்டு ஒண்ணா உக்காந்து காத்து குடிக்கலாம்."

நீ இன்டர் காலேஜில் பிளஸ் டூ வயதுப் பிள்ளைகளுக்கு சிவிக்ஸ் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாய். சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவாய். நான் லேப்டாப்பை மூடிவிட்டு வந்து இரண்டு படி மேலே உட்கார்ந்து சண்டைக்கு இழுப்பேன். சமூக ஒப்பந்தம் என்ற பாடத்தை நம் தெருவை வைத்துத்தான் எனக்கு விளக்கினாய். ஒவ்வொருவனும் அடுத்தவனுக்குப் பயந்து ஆயுதம் வைத்திருக்கிறான். யாரும் முதலில் கீழே வைக்கமாட்டான். அதனால் எல்லாரும் ஒரே நாளில் கீழே வைத்து, அதிகாரத்தை ஒரே ஒருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அதிலிருந்துதான் அரசாங்கம் பிறக்கிறது. இதை நீ பாடமாகச் சொல்லவில்லை. முழுசாக நம்பிச் சொன்னாய்.

வலுவான மத்திய அரசின் மேல் உனக்கிருந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மௌலா அலி பக்கம் மத்திய அரசு ஊழியர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நீ. அங்கே தமிழ்க் குடும்பம், வங்காளக் குடும்பம், தெலுங்குக் குடும்பம் எல்லாருக்கும் ஒரே தண்ணீர், ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஆஸ்பத்திரி. நானோ தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்தவள். தில்லி என்றாலே சந்தேகப்படக் கற்றுக்கொண்ட வீடு எங்கள் வீடு.

"தில்லிக்காரனுக்கு எங்க ஊர்ல எங்க தெரு எங்க இருக்குன்னு தெரியுமா?" என்று ஒருநாள் கத்தினேன்.

நீ சிவப்புப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டாய். "தெரியாதது நல்லதுதான் டீ. உன் தெருவைத் தெரிஞ்சவங்கதானே உனக்குத் தண்ணி விடல?"

 தர்மபுரிப் பக்கத்தில் எங்கள் தெரு ஊருக்கு வெளியே இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் வால்வு ஊருக்குள் இருந்தது. பக்கத்திலிருப்பவனின் கை எவ்வளவு கனமானது என்று உனக்குப் பாடப்புத்தகத்திலிருந்து தெரிந்திருந்தது. எனக்குக் குடம் சுமந்த அம்மாவின் இடுப்பிலிருந்து தெரிந்திருந்தது. ஆனாலும் விடவில்லை. "தெரியாதவன் தப்பா ஏதாவது பண்ணா யாரைப் போய்க் கேக்கிறது?"

"அவனைத்தான். ஒருத்தன்னா ஒரே வாசல்ல போய் நிக்கலாம். இப்போ பாரு, தெருவுல எத்தனை வாசல்ல போய்க் கத்துவே?"

பிறகு நீ பேசுவதை நிறுத்திவிட்டுச் செய்யத் தொடங்கினாய். தெரு சங்கத்தைக் கூட்டினாய். எல்லா மோட்டார்களையும் ஒரே சாயங்காலத்தில் கழற்றி, பூங்காவை ஒட்டிய சங்க அறையில் வைத்துப் பூட்டுவது. சாவி முனை வீட்டு அங்கிளிடம். எல்லாரிலும் அதிகம் உறிஞ்சியவர் அவர்தான், அவரே காவலன் ஆனால் அடங்குவார் என்று கணக்குப் போட்டாய். மோட்டார்களைக் குழந்தைகளைப் போல இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரர்கள் வரிசையாகப் போனதை மேலிருந்து பார்த்தேன். போகும்போது நீ தலையைத் தூக்கி, "உன்னதையும் கழட்டிடு டீ, முடிவு பண்ணியாச்சு" என்றாய்.

முடிவு பண்ணியாச்சு. அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். ஊர் கூடிப் பேசியாச்சு, இந்த வழியாகப் பிணம் எடுக்கக் கூடாது. ஊர் கூடிப் பேசியாச்சு, திருவிழாவுக்கு உங்கள் தெரு இவ்வளவு வேலை செய்ய வேண்டும். பேசிய இடத்தில் எங்களில் ஒருவரும் இருந்ததில்லை. முடிவு மட்டும் எங்கள் தெருவுக்கு நடந்து வரும்.

நான் கழற்றவில்லை.

அடுத்த தண்ணீர் நாளில், கீழே வீட்டுக்காரர்கள் எல்லாரும் குழாயடியில் காத்து நிற்க, தெரு நெடுக மாடிகளில் மோட்டார்கள் உறுமின. அந்த மாடிகளில் குடியிருந்தவர்களையும் யாரும் கேட்டிருக்கவில்லை. நானும் சுவிட்சைப் போட்டேன். கீழ்க் குழாய்களில் சொட்டுக்கூட வரவில்லை. 'நீ ஏமாத்தினே', 'நீதான் ஏமாத்தினே' என்று தெரு முழுக்கக் கூச்சல். நீ படியேறி வந்தாய். முகம் சிவந்திருந்தது.

"கைக்கு டீ, எதுக்கு? நீயே இப்படிப் பண்ணலாமா? எல்லாரும் ஒத்துக்கிட்டதுதானே!"

"எல்லாரும்னா யாரு? சங்கத்துல வாடகைக்காரங்க ஒருத்தர் இருந்தாங்களா?"

"அவங்கவங்க வீட்டுக்காரர் சொல்லிடுவாங்கன்னு…"

"சொல்றது வேற, கேக்கிறது வேற. நான் கையெழுத்துப் போடாத ஒப்பந்தத்துக்கு நான் எதுக்குக் கட்டுப்படணும்? தினம் இதே படியில உக்காந்து எங்கூடத்தானே பேசறே? உனக்கு என்னைக் கூப்பிடணும்னு தோணலல்ல?"

அம்மா உள்ளேயிருந்து, "காலங்காத்தால எதுக்குடி அந்தப் பொண்ணைப் புடிச்சிக் கத்தறே?" என்றாள். நீ திருப்பிக் கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். வீட்டைக் காலி செய் என்று சொல்லும் உரிமையும் உனக்கு இருந்தது. அதற்குள் மனதில் வேறு வீடு தேடிக்கொண்டிருந்தேன். நீ படியில் உட்கார்ந்தாய். 

"ஹவ் டீ, ஆமா," என்றாய். "உன்னைக் கேக்கல. கேக்காம உன் பேர்ல முடிவு பண்ணிட்டேன். தப்பு என்னோடதுதான்."

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் தெருவின் ஒவ்வொரு மாடிப்படியும் ஏறினோம். ஒரு அக்கா வாடகையை உயர்த்த வந்திருக்கிறோம் என்று நினைத்துக் கதவைத் திறக்கவே இல்லை. பேச்சிலர் ரூம் பையன் ஒருவன், "மேடம், எங்க ஓனர் எங்களைக் கூப்பிடறது கேட்டை மூடச் சொல்றதுக்கு மட்டும்தான். மீட்டிங்குக்கா? நெஜமாவா?" என்று சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை நடுத்தெருவில் நாற்காலி போட்டுக் கூட்டம். முனை வீட்டு அங்கிள் தெலுங்கில் ஆரம்பித்தார்: வாடகைக்காரர்கள் இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்குப் போவார்கள், அவர்கள் வார்த்தைக்கு என்ன உத்தரவாதம்? எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில், "அங்கிள், தண்ணியும் இன்னைக்குத்தான் குடிக்கிறோம்" என்றேன். மாடிக்காரர்கள் பலமாகச் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார்.

சாவி விஷயத்தில் நீ அசையவில்லை. கமிட்டி போடலாம் என்றார்கள். "அஞ்சு பேர் கையில சாவி இருந்தா காணாமப் போனா அஞ்சு பேரும் அடுத்தவரைக் கைகாட்டுவாங்க. ஒருத்தர்தான் இருக்கணும்" என்றாய். எனக்கு அந்த ஒருவரைப் பிடிக்கவில்லை. கடைசியில், "சரி, ஒருத்தரே வச்சிக்கட்டும். ஆனா குடியிருக்கிறவங்க யார் எப்போ வந்து கேட்டாலும் அறையைத் திறந்து காட்டணும். காட்டலன்னா சாவி கை மாறும்" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "இது என் சிலபஸ்ல இல்ல டீ," என்றாய், எல்லார் முன்னாலும்.

மோட்டார்கள் உள்ளே போயின. என்னுடையதும்தான்.

அடுத்த முறை தண்ணீர் விட்டபோது தெருவில் ஒரு சத்தமும் இல்லை. கீழே நம் வாசல் குழாயில் முதலில் இருமலைப் போல ஏதோ வந்தது, பிறகு விரல் தடிமனுக்கு ஒரு தாரை. அம்மா குடத்தை வைத்துவிட்டு அது நிறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "கண்ணு, வந்துடுச்சு பாரு" என்று உன்னைத்தான் கூப்பிட்டாள், என்னை இல்லை. மேலே கொண்டுபோவதுதான் பாக்கி. அதை நீயும் நானும் செய்தோம்.

முனை வீட்டு அங்கிள் ஒருமுறை, மகள் கல்யாணத்துக்கு உறவுக்காரர்கள் வந்திருந்தபோது, தன் மோட்டாரை மட்டும் எடுத்துக்கொண்டார். கடைசி வீட்டில் குழாய் காய்ந்ததுமே தெரிந்துவிட்டது. அறையைத் திறந்து காட்டச் சொன்னோம். பிறகு தெரு மொத்தமும் அவர் வாசலில் போய் நின்றது, அந்தப் பேச்சிலர் பையன்கள் உட்பட. அவர் கல்யாண லட்டும் மோட்டாருமாக வெளியே வந்தார். ஒரே வாசல் என்று நீ சொன்னதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். நீ திரும்பி வரவில்லை. உன் அப்பா வீட்டை விற்றுவிட்டு உன் அண்ணனிடம் போய்விட்டார். நாங்கள் இங்கே வந்தோம்.

வலுவான மத்திய அரசு பற்றி நாம் இன்னும் ஒத்துப்போகவில்லை. நீ இருந்திருந்தால் இன்றைக்கும் படியில் சண்டைதான். பெரிய கையில் எல்லாவற்றையும் கொடுக்க எனக்கு இன்னும் பயம். ஆனால் சின்னக் கைகள் எல்லாம் நல்ல கைகள் என்ற பொய்யை நான் இனி யாரிடமும் சொல்லமாட்டேன். அதை உடைத்தவள் நீ.

நான் பெரிதாக மாறிவிடவில்லை. செய்தி பார்த்துக் கத்துகிறேன்; டி.வி.க்குக் காது கிடையாது என்கிறாள் அம்மா. முன்பு யாரும் பதில் சொல்லமாட்டார்கள் என்று தெரிந்தே கோபப்படுவேன். அந்தக் கோபத்தால் எனக்கு வயிற்றெரிச்சல் மட்டும்தான் மிச்சம். எங்கள் ஊரில் எங்களைக் கேட்காமல் முடிவெடுத்தவர்களில் ஒருவர்கூட எங்கள் தெருவுக்கு வந்து, கேட்காதது தப்பு என்று சொன்னதில்லை. நீ வீட்டுக்காரர் மகள். அந்தத் தெருவில் உன் வார்த்தைக்கு மதிப்பிருந்தது, எனக்கு இல்லை. படியேறி வந்து, உட்கார்ந்து, சொன்னாய். நான் அறிந்து அப்படிச் சொன்ன முதல் ஆள் நீ.

அதிகாரம் உள்ளவர்கள் அப்படியெல்லாம் சொல்லமாட்டார்கள் என்று இனி யாரும் என்னை நம்பவைக்க முடியாது. அதனால்தான் இப்போதெல்லாம் ஒரு அலுவலகத்துக்குப் புகாரோடு போனால், பதில் வரும் என்று எதிர்பார்த்தே நிற்கிறேன். வராவிட்டால் மறுநாளும் போகிறேன்.